அறுவையும் பனியனும்: ஆடவர் அன்றாட உடையில் மரபும் புதுமையும்

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் பல, வெட்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தவை. அறுவை, துணி, துண்டு ஆகிய மூன்றும் தறியிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட ஒரு நீளத்தையே சுட்டுகின்றன. வேட்டி என்னும் சொல்லையும் வெட்டுதலோடு சேர்த்துப் பொருள் காண்பார் உளர். ஊசிக்கும் தையலுக்கும் இச்சொற்களில் இடமில்லை. நெய்து முடித்ததை அறுத்தால் ஆடை. அதன்பின் அதற்கு உருவம் தருவது உடுத்துவோன் கை.

புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரர், உலகாளும் வேந்தனையும் உறக்கமின்றி விலங்கின்பின் ஓடும் கல்லாத வேட்டுவனையும் அருகருகே நிறுத்தி, இருவருக்கும் உணவின் அளவு ஒன்றே, உடை இரண்டே என்கிறார். அரையில் ஒன்று, மேலே ஒன்று. தைத்த உடையைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்துள்ளனர். சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அணிந்த தூதுவர் வருகின்றனர். ஆயினும் அது காவலனுக்கும் தூதனுக்கும் அயல்நாட்டானுக்கும் உரிய கோலமாகவே நின்றது.

இன்று ‘தமிழர் மரபுடை’ என்று மேடையிலும் மணவிழாவிலும் சுட்டப்படுவது யாது? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சட்டைக்குள் ஒரு பனியன். இந்நான்கனுள் இரண்டு மட்டுமே அறுவை மரபினைச் சார்ந்தவை. சட்டை தைத்தது, பனியன் பின்னியது. அவ்வாறாயின் மரபு என நாம் வழங்கும் கோலத்தில் பாதி பிற்காலத்தது. அப்பாதி எவ்வாறு உள்ளே நுழைந்தது, எவரால் தடுக்கப்பட்டது, எவர் அதற்காக இழந்தனர் என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன. அவ்வாராய்ச்சிக்குத் திருப்பூரினும் பொருத்தமான ஊர் வேறில்லை.

ஒரு சொல்லின் பயணம்

சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு பெயர் உண்டு. துணி வணிகம் செய்தவர் கவிஞராகவும் விளங்கினார் என்பதை அப்பெயரே அறிவிக்கிறது. அப்பெயரில் உள்ள வாணிகன் என்னும் சொல்லின் உறவுச் சொல் ஒன்று வேறு வழியாகச் சென்று, வேறு உருவில் தமிழுக்கு வந்து சேர்ந்தது. வணிகரைக் குறித்த குஜராத்திச் சொல்லைப் போர்ச்சுக்கீசியர் தம் நாவிற்கேற்பத் திரித்தனர். ஆங்கிலேயர் அதனைப் பெற்று, இந்திய வணிகரைப் போன்று தாம் வீட்டில் அணிந்த தளர்ந்த மேலங்கிக்குப் பெயராக்கினர். காலப்போக்கில் அம்மேலங்கி மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சி, சட்டைக்கு உள்ளே அணியும் சிறு ஆடையின் மேல் ஏறிக்கொண்டது. அதுவே பனியன். அறுவை வாணிகனையும் பனியனையும் இவ்வாறு ஒரே சொற்குடும்பம் இணைக்கிறது.

சொல் உறவுடையதாயினும் பொருள் முற்றிலும் வேறு. தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்து துணியாகின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கப்படுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்பார் 1589இல் காலுறை பின்னும் பொறியை அமைத்ததிலிருந்து இத்தொழில் கையினின்று பொறிக்கு மாறத் தொடங்கியது. நெய்த துணி உடலைச் சூழ்கிறது. பின்னிய துணி உடலோடு நீண்டு சுருங்குகிறது. வேட்டியை நான்கு முழம், எட்டு முழம் எனக் கேட்டு வாங்குகிறோம். பனியனையோ 80, 85, 90, 95 எனச் சென்டிமீட்டரில் மார்பளவு சொல்லி வாங்குகிறோம். முன்னது துணியின் அளவு. பின்னது உடுத்துவோன் உடலின் அளவு.

1921: துறந்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஆடவருள் பெரும்பாலோர் சட்டை அணிந்தவர் அல்லர். கொங்கு நாட்டு உழவரின் அன்றாட உடை கோவணமும் தலையில் உருமாலையுமே. வேட்டி, சந்தைக்கும் சீருக்கும் எடுத்து உடுத்தப்பட்டது. சட்டையும் கோட்டும் அலுவலகத்தாரையும் கற்றாரையும் சார்ந்திருந்தன.

இச்சூழலில்தான் 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில் காந்தியடிகள் தம் உடையை மாற்றினார். அந்நியத் துணியைத் துறக்கச் சொன்னால் கதர் வாங்கப் பொருளில்லாத ஏழை எதை உடுத்துவான் என்னும் வினா அவரை வருத்தியது. தொப்பியையும் உட்சட்டையையும் நீக்கி, அரையாடையும் தேவைப்படுங்கால் ஒரு போர்வையுமே போதும் என்று அறிவித்தார். அக்டோபர் 31 வரை என்பதே முதலில் அவர் குறித்த எல்லை. அது வாழ்நாள் முழுமைக்கும் நிலைத்துவிட்டது. உலகம் காந்திக்கே உரிய என்றுமுள்ள கோலமாக இன்று எண்ணும் உடை, ஐந்தாறு வாரங்களுக்கென ஏற்கப்பட்ட ஒரு புதுமையே.

1925: ஒரே ஊர், இரு நூல்

திருப்பூர் பருத்திச் சந்தையாக வளர்ந்த ஊர். புகைவண்டித் தடமும் பருத்தி அரைவை ஆலைகளும் அதற்கு வளம் சேர்த்தன. 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் அமைக்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமையிடம் ஆயிற்று. அதே ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கொங்கு நாடெங்கும் கைராட்டையின் ஒலி எழுந்த காலம் அது.

அந்த 1925இலேயே குலாம் காதர் என்பார் திருப்பூரில் தொடங்கிய பேபி நிட்டிங் நிறுவனம், அவ்வூரின் முதற் பின்னலாடைத் தொழிலகமாகக் குறிக்கப்படுகிறது. கல்கத்தாவில் 1893 முதல் வேரூன்றியதாகச் சொல்லப்படும் தொழில், தெற்கே ஒரு சிற்றூருக்கு வந்தது. கதர், கையால் நூற்று நெய்வது, கொள்கைக்காக உடுத்தப்படுவது. பனியன், ஆலை நூலைப் பொறியில் பின்னுவது. வியர்வையை உறிஞ்சுவதன்றி வேறு கொள்கை அதற்கில்லை. இவ்விரு நூலும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் வேர்பிடித்தன. வரலாற்று நூல்கள் ஒன்றைப் போற்றின. மற்றொன்று ஓசையின்றிப் பெருகியது.

1932 சனவரி 10ஆம் நாள் தேசபந்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த குமரன் கொடியேந்தித் திருப்பூர் வீதியில் சென்றார். காவலரின் தடியடியில் வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். அவர் சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் 1904இல் பிறந்தவர். அதே 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோவை வட்டாரத்திற்கு மின்னாற்றல் வந்தது. ஒரே ஆண்டு கதரின் ஊருக்கு ஒரு தியாகியையும், பொறித்தொழிலுக்கு ஓர் ஆற்றலையும் வழங்கிற்று.

1930: தடுக்கப்பட்டவர்

பனியன் அந்நாளில் எத்துணை விரைவாக நாட்டுப்புறத்தை எட்டியது என்பதற்கும், அது வெறும் உள்ளாடையாக மட்டும் எண்ணப்படவில்லை என்பதற்கும் ஒரு கொடிய சான்று உண்டு. மதுரைக்கு அண்மையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஜே.எச்.ஹட்டன் இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் உடை முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ செல்லலாகாது. கோட்டு, சட்டை, பனியன் அணியலாகாது. முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளலாகாது. மகளிர் மேலாடை அணியலாகாது. குடையும் செருப்பும் ஆகா. தடையை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன. அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாயின.

இப்பட்டியலில் பனியனின் பெயர் இருப்பது கருதத்தக்கது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், பக்கத்து மாவட்டத்தின் தலைநகரில், காந்தியடிகள் உட்சட்டையை ஏழையின் பொருட்டுத் துறந்தார். அவ்வேழையருள் ஒரு பகுதியினர் அதனை அணிய முனைந்தபோது அவர்தம் கூரை எரிந்தது. துறத்தற்கு முதலில் உடைமை வேண்டும். உடைமைக்கு முதலில் உரிமை வேண்டும். அண்ணல் அம்பேத்கர் முழுக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து நின்றதன் உட்பொருளும் இவ்விடத்தேதான் தெளிவாகிறது.

இத்தடை உழுகுடிகளோடு நின்றதன்று. நாகசுரக் கலைஞர், உயர்ந்தோர் எனப்பட்டோர் முன் வெற்றுடம்போடு, தோள்துண்டை இடுப்பில் கட்டி நின்று வாசித்தல் வழக்கமாயிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்து, பட்டு ஜிப்பாவும் ஷெர்வானியும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். அன்று அதனை ஆடம்பரம் என்றனர். மரபு மீறல் என்றனர். அவர் மீறியது இசை மரபை அன்று. தோடியில் அவருக்கிருந்த ஆளுமை இசையுலகம் அறிந்தது. தன்மதிப்பு இயக்கத்தார் தோள்துண்டை ஓர் உரிமையாகவே கொண்டு வாதாடினர். பின்னாளில் அவ்வியக்கத்தின் கருஞ்சட்டைப் படை, 1948இல் அரசு தடை விதிக்கும் அளவிற்கு ஓர் உடையின் நிறத்தை வலிமையுடையதாக்கியது. வேட்டியின் கரை கட்சிக் கொடியின் நிறமேற்றது அதற்கும் பிற்பட்ட செய்தி.

ஆகவே இன்று மரபு எனப்படும் வேட்டி, சட்டை, துண்டு என்னும் கோலம், தொன்றுதொட்டு எல்லார்க்கும் உரியதாய் வந்ததன்று. முழங்காலுக்குக் கீழ் வேட்டியை இறக்குதலும், தோளில் துண்டை இடுதலும், மார்பைச் சட்டையால் மூடுதலும் பலர்க்கு இருபதாம் நூற்றாண்டில் போராடிப் பெற்ற உரிமைகள். அப்போராட்டத்தின் வடு மறைந்த பின்னரே அக்கோலம் பொது மரபாயிற்று.

உள்ளிருந்து வெளியே

விடுதலைக்குப் பின் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகின. மழை பொய்த்த மேட்டாங்காட்டு உழவர் மக்கள் நகரை நாடினர். கைமடியாகச் சேர்ந்தவர் பவர் டேபிள் டைலராகி, பின்னர் இரண்டு மூன்று பொறிகளோடு சிறு முதலாளியாவது இவ்வூரில் பலமுறை நிகழ்ந்த வரலாறு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவ்வூர் செய்தது ஒரே பொருள், ஒரே நிறம்: வெள்ளைப் பனியன். கையுள்ளது, கையில்லாதது என்பதே அதில் இருந்த பெருவேறுபாடு.

மேலைநாட்டில் அதற்குள் வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1913இல் அமெரிக்கக் கடற்படை தன் வீரர்க்கு உட்சட்டையாக வழங்கிய பருத்திப் பின்னலாடையை, போருக்குப் பின் இளைஞர் வெளியுடையாகவே அணியத் தலைப்பட்டனர். 1951இல் மார்லன் பிராண்டோவும் 1955இல் ஜேம்ஸ் டீனும் திரையில் தோன்றிய கோலம் அதனை உலகெங்கும் பரப்பிற்று. உள்ளாடை வெளியே வந்தது. டி-சட்டை என்று பெயர் பெற்றது. 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் திருப்பூருக்கு வந்த பின்னர் அவ்வூரின் வெள்ளைப் பனியன் வண்ணம் பெற்றது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று. 2005 சனவரியில் உலகளாவிய ஒதுக்கீட்டு முறை நீங்கியது. 2024–25 நிதியாண்டில் ஏற்றுமதி மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. ஐரோப்பிய ஆடவன் ஒருவன் இக்கோடைக்கு எந்நிறம் அணிவான் என்பது, அவிநாசிச் சாலைக் கட்டடங்களில் பல மாதங்கள் முன்னரே தைக்கப்பட்டு விடுகிறது. தைப்போருள்ளும் செக்கிங் செய்வோருள்ளும் பெரும்பகுதியினர் மகளிர் என்பதும் இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. ஆடவர் நவநாகரிகத்தின் பின்னே பெண்டிர் விரல்கள் உள்ளன.

மாறும் நிறத்திற்கு ஒரு விலையும் இருந்தது. அவ்விலையைச் செலுத்தியது நொய்யல். சாயக் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்திற்கென அமைத்து 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்மடை உழவர் கிணற்று நீரும் நிலமும் கெட்டு நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாது மீளச் சுத்திகரிக்கும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. மரபு என்னும் பெயரால் மனிதரை ஒடுக்கியது போன்றே, புதுமை என்னும் பெயரால் ஓர் ஆற்றை ஒடுக்கவும் கூடும் என்பதற்கு நொய்யல் சான்று.

வாயிற்காவல்

எது தக்க உடை என்னும் வினா இந்நூற்றாண்டிலும் ஓயவில்லை. 2014 சூலையில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டியுடன் சென்ற உயர்நீதிமன்ற நீதியரசர் அரி பரந்தாமன், விழா நிகழ்ந்த கிரிக்கெட் சங்க மன்றத்துள் நுழைய இசைவு மறுக்கப்பட்டார். ஆங்கிலேயர் காலத்து மன்ற விதி ஒன்று தமிழ்நாட்டில் தமிழர் உடையைத் தடுத்தது. அடுத்த மாதமே சட்டமன்றம், வேட்டி அணிந்தோர்க்குப் பொது இடங்களில் நுழைவு மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 2019 மே மாதம் அரசு, தலைமைச் செயலக ஊழியர்க்கு உடைவிதி வகுத்தது. ஆடவர் சட்டையும் முழுக்காற்சட்டையும் அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியும் அணியலாம். சாதாரண உடை தவிர்க்கப்பட வேண்டும் என்றது. 2024இல் துணை முதலமைச்சர் உதயநிதி ஸ்டாலின் அரசு விழாக்களில் டி-சட்டை அணிவது இவ்விதிக்கு முரணானது என்று உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தமிழ்நாட்டின் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிக்கும் ஓர் உடை, தமிழ்நாட்டரசின் விழாவிற்குத் தக்கதா என்பது வழக்காகியது.

முன்னதில் மரபுடை வாயிலில் நிறுத்தப்பட்டது. பின்னதில் புதியவுடை கேள்விக்குள்ளாயிற்று. உடை எதுவாயினும், வாயிலில் நிற்போன் ஒருவன் இருக்கிறான் என்பதே இரண்டிற்கும் பொது. இராமநாதபுரத்துத் தடைப்பட்டியலின் கொடுமையோடு இவற்றை ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், ஒருவன் உடல்மேல் உள்ளதைக் கொண்டு அவன் எங்கு நுழையலாம் என முடிவு செய்யும் மனப்பாங்கின் எச்சம் எளிதில் அழிவதன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

இதனிடையே வேட்டியும் மாறி வருகிறது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும், கைப்பேசி வைக்கப் பையும் தைத்த வேட்டிகள் விற்பனையாகின்றன. அறுவையாக மட்டுமே இருந்த ஆடைக்குள் ஈராயிரம் ஆண்டுகட்குப் பின் ஊசி நுழைந்துள்ளது. இதனைக் கண்டு வருந்துவோர் உளர். கட்டத் தெரியாத இளைஞனும் இதனால் வேட்டி உடுத்துகிறான் என மகிழ்வோரும் உளர்.

கவிஞர்க்கு ஒரு செய்தி

பாரதியின் முண்டாசும் கறுப்புக் கோட்டும் தமிழ்க் கவிஞன் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் கோலமாகிவிட்டன. முண்டாசு காசி வாழ்க்கையின் பயன். கோட்டு மேலைநாட்டு வரவு. அவர் காலத்து எட்டயபுரத்திற்கும் திருவல்லிக்கேணிக்கும் அது விந்தைக் கோலம். இன்று பள்ளி விழாவில் ஒரு சிறுவனைத் தமிழனாகக் காட்ட அதனையே அணிவிக்கிறோம். 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ எழுந்தபோது யாப்பைத் துறந்த கவிதை கவிதையாமோ என்று வினவினோர் பலர். இன்று அப்புதுக்கவிதைக்கும் ஒரு மரபு உண்டு. அதனை மீறுவோரும் உளர். பழையன விலகிப் புதியன நுழைவது குற்றமன்று என்று நன்னூலார் இலக்கணத்திற்கே விதி செய்தார். உடைக்கும் அது பொருந்தும்.

ஆயினும் அவ்விதியோடு ஒரு குறிப்பைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். பழையது தானே கழிவதில்லை. புதியது தானே புகுவதும் இல்லை. இரண்டிற்கும் இடையே சிலருடைய கூரை எரிந்துள்ளது. ஓர் ஆறு நிறம் மாறியுள்ளது. திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் இன்று ஒரு வெள்ளைப் பனியனை, மார்பளவை மட்டும் சொல்லி, எவரும் வாங்கிச் செல்லலாம். விற்பவர் வேறெதுவும் கேட்பதில்லை. நூறாண்டுகளில் தமிழர் உடை வரலாறு ஈட்டியவற்றுள் இது சிறிதன்று. ஓர் உடையை மரபு என்று போற்றுவோர், அதனை அணிய எவர் தடுக்கப்பட்டனர் என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் கடன். ஒரு கவிதை வடிவத்தை மரபு என்று போற்றுவோர்க்கும் அக்கடன் உண்டு.